ஹட்டன் பக்கம் 14 பேர் போகிறோம்: போகலாமா, பணத்தை அனுப்பிவிடலாமா?

அஸ்தம்பட்டி:
சேலத்தில் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் இருந்து இந்த முறை இலங்கை மலையகத்துக்கு ஊழியப் பயணம் என்று முடிவாகியிருக்கிறது. 14 பேர், 8 நாள். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், எங்கள் ஆயருக்குப் பழக்கமான சின்ன சபை ஒன்று அங்கே இருக்கிறது. பாலர் பள்ளிக்குப் பெயிண்ட் அடிப்பது, பிள்ளைகளுக்கு மூன்று நாள் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), ஒரு நாள் மருத்துவ முகாம், அப்புறம் புதுத்துணி கொடுப்பது, இதுதான் திட்டம். தலைக்கு 45 ஆயிரம், மொத்தம் 6 லட்சத்து 30 ஆயிரம் ஆகிறது. பாதி எங்கள் கைப்பணம், மீதி அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்தது.

அந்த ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 4 ஆயிரத்துக்கு எடுத்த பெரியவர் போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி ஏறினால் போதுமே, கடல் தாண்டுவது எதற்கு" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான்தான் செயலாளர், டிக்கெட் இன்னும் போடவில்லை. இப்படிப் போய் வந்தவர்கள், இப்படி வந்தவர்களைப் பார்த்தவர்கள், மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

ஏற்காட்டுக்காரி:
அண்ணா, நான் வந்தவர்களைப் பார்த்தவள். ஏற்காட்டில் இருந்து ஜீப்பில் போக வேண்டிய ஊர் எங்களுடையது. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது வெளிநாட்டில் இருந்து ஒரு குழு வந்து பத்து நாள் தங்கினார்கள். நல்லவர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டுக் களியை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்.

பள்ளிக்கூடத்துக்கு நீலப் பெயிண்ட் அடித்தார்கள். என் சித்தப்பா பெயிண்டர். அந்த மாதம் அவருக்கு வேலை இல்லை. அவர்களுக்கு ஏணி பிடித்துக்கொண்டு பத்து நாளும் கூடவே நின்றார், விருந்தாளியிடம் கூலி கேட்பது எப்படி என்று கேட்கவே இல்லை. சித்தி அந்த வாரம் எஸ்டேட்டில் முன்பணம் வாங்கித்தான் அரிசி வாங்கினாள்.

பெட்டி நிறைய மூக்குக் கண்ணாடி கொண்டு வந்தார்கள், பழையது, துடைத்து வைத்தது. என் பாட்டிக்கு ஒன்று போட்டுவிட்டு எல்லோரும் கை தட்டினார்கள். பாட்டி ஒரு வருஷம் அதைக் கழற்றவில்லை. தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே போட்டிருந்தாள், "ஆசையாகக் கொடுத்ததைக் கழற்றினால் அவங்க மனசு நோகும்" என்றாள், அவர்கள் போய் எத்தனையோ மாதம் ஆன பிறகும். கடைசியில் சேலம் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம், பவரே வேறு.

ஆனால் ஒன்று. அந்தக் குழுவில் ஒரு அக்கா என் பெயரைச் சரியாகச் சொல்லும் வரை விடவில்லை. ஊருக்குப் போய் எனக்குக் கடிதம் எழுதினார், நான்கு வருஷம் எழுதினார். பதில் எழுதுவதற்காகவே ஆங்கிலம் படித்தேன். இன்று நான் ஒரு பள்ளியில் ஆசிரியை. அதனால் போகாதீர்கள் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். உங்கள் 14 பேரில் திரும்பி வந்த பிறகும் கடிதம் எழுதப் போகிறவர்கள் எத்தனை பேர், அதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
என் கணக்கு நேரானது. 6 லட்சத்து 30 ஆயிரத்தில் விமானத்துக்கும் வேனுக்கும் அறைக்கும் போக அந்த ஜனங்கள் கையில் போய்ச் சேருவது எவ்வளவு? 1 லட்சம் தேறுமா? 2022இல் இலங்கையில் அரிசிக்கும் பால் பவுடருக்கும் வரிசையில் நின்றபோது தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்து என்று சுமார் 123 கோடிக்கு அனுப்பியது. கப்பல் போனது, பொருள் போனது, அவ்வளவுதான். யாரும் பின்னாலேயே போய் நிற்கவில்லை. பணத்தை அந்தச் சபைக்கு அனுப்பிவிடுங்கள். நம் வாலிபர்களுக்கு ஏழ்மையைப் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பெரியவர் சொன்னது போல ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கு வாராவாரம் போகட்டும். பஸ் டிக்கெட் செலவோடு முடியும்.

கொழுந்து:
இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில். 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நூற்பாலை வேலை என்று கடைசியில் சேலத்துக்கு வந்தோம். பெரியம்மா குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது, இன்றும் அதே லயத்தில்தான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்தான், இருக்கிறார்கள்.

"கடல் தாண்டுவது எதற்கு" என்று கேட்ட பெரியவருக்கு என் பதில் இது. ஐயா, கடல் தாண்டிப் போனது நம் ஆட்கள்தான். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் என்று பஞ்சம் அடித்த ஊர்களில் இருந்து கங்காணி கூட்டிப் போனார். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள், வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. அங்கே முதலில் இருந்தது தேயிலை இல்லை, காப்பி. 1869இல் இலைநோய் வந்து காப்பி அழிந்த பிறகுதான் தேயிலை பரவியது. ஏற்காட்டில் காப்பி பறிக்கிற கையும் அங்கே கொழுந்து பறிக்கிற கையும் ஒரே ஊர்க் கை.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அப்பாவும் பெரியம்மாவும் பிரிந்தது அப்படித்தான். எஞ்சியவர்களுக்கு முழுசாகக் குடியுரிமை கிடைக்க 2003 வரை ஆனது. பெரியம்மா இன்றும் போனில் "ஊர்ல மழையா" என்று கேட்பார். ஊர் என்றால் சேலம். அவர் சேலத்தைப் பார்த்ததே கிடையாது.

அதனால் அங்கே போய் ஏழைகள் ஏழைகள் என்று பேசாதீர்கள், கேட்கிற காதுக்குத் தமிழ் தெரியும். ஆறு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய், அட்டைக்கடியோடு மலைச்சரிவில் நின்று, 18, 20 கிலோ பறித்தால்தான் முழு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, விழும் என்று வேலை செய்கிற பெண்கள் அவர்கள். நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான், அதற்கு எத்தனை வருஷப் போராட்டம். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 என்று ஆனது. அப்போது அது நம் பணத்தில் 400 ரூபாய்கூட வரவில்லை.

நடைமுறை விஷயம் ஒன்று சொல்கிறேன். லயத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, நிலம் தோட்ட நிர்வாகத்தின் கையில். துரைக்குத் தெரியாமல் 14 பேர் கேமராவோடு போனால் நீங்கள் விமானம் ஏறிய பிறகு பேச்சு வாங்குவது அங்கே இருப்பவர்கள்தான். வேலை நாளில் போனால் இன்னொரு சிக்கல், உங்களுக்குச் சமைக்க ஒருத்தி வேலைக்குப் போகாமல் நின்றால் அன்றைய பேர் போச்சு. பெரியம்மா மகள் இதைச் சொல்ல மாட்டாள், சிரித்துக்கொண்டே ரொட்டியும் சம்பலும் வைப்பாள்.

அவள் என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டது பிள்ளைக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் கிடைக்குமா என்றுதான். தமிழ்ப் பாடசாலைகளில் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் பற்றாக்குறை மலையகத்தில் தீராத கதை.

பழைய_ஊழியர்:
செவ்வாய்ப்பேட்டை தம்பிக்கு ஒரு வார்த்தை. பணம் மட்டும் போனால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. அறுபது வயதைத் தாண்டியவன், நாலைந்து முறை இப்படிப் போயிருக்கிறேன். வீடு தேடி ஒருவர் வந்தார் என்பது மனிதனுக்குப் பெரிய விஷயம். துக்க வீட்டுக்குப் பணத்தை மட்டும் கொடுத்தனுப்புவோமா?

ஆனால் என் தவறையும் சொல்கிறேன். 2015இல் நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகு கோர்க்கா மாவட்டத்துக்குப் பதினோரு பேர் போனோம். மொழிபெயர்க்க ஒரே ஒரு பையன். ஒரு அம்மா இடிந்த வீட்டுக் கல்மேல் உட்கார்ந்து என்னிடம் அரைமணி நேரம் பேசினார். மகனைப் பற்றியா, மாட்டைப் பற்றியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன். தகரம் சுமந்தோம், அதை அந்த ஊர் ஆட்கள் எங்களைவிட இரண்டு மடங்கு வேகமாகச் சுமந்தார்கள். மலை ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்த எங்களுக்கு அவர்களே அரிசியும் பருப்பும் பொங்கிப் போட்டார்கள், இடிந்த வீட்டுக்காரர்கள். அந்தச் சோறு இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

உங்களுக்கு அந்தக் குறை இல்லை தம்பி. உங்களிடம் மொழி இருக்கிறது. வெள்ளைக்காரக் குழு எத்தனை கோடி கொண்டு போனாலும் கொண்டு போக முடியாதது அது. அதை வைத்துக்கொண்டு போய்ப் பெயிண்ட் அடிப்பானேன்?

நர்ஸ்_அக்கா:
மருத்துவ முகாம் பற்றி மட்டும். சேலத்தில் 17 வருஷமாக நர்சாக இருக்கிறேன், முகாம்கள் நிறையப் போயிருக்கிறேன். வெளிநாட்டு டாக்டர் இலங்கையில் நோயாளியைப் பார்க்க இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு வேண்டும். மருந்து கொண்டு போனால் 2015 சட்டத்தில் வந்த தேசிய மருந்து ஒழுங்குமுறை அதிகாரசபை என்று ஒன்று இருக்கிறது, அனுமதி இல்லாமல் பெட்டியில் மாத்திரை கொண்டு போவது வம்பு.

இதைவிட முக்கியமானது, அங்கே அரசு ஆஸ்பத்திரி இலவசம், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு தேடிப் போய்ப் பார்க்கிற குடும்பநல உத்தியோகத்தர்கள் உண்டு. 1990 என்று அடித்தால் வரும் ஆம்புலன்ஸ் நம் இந்திய அரசு உதவியில் தொடங்கியது. இல்லாத ஒன்றைக் கொண்டு போவது போல நினைக்க வேண்டாம். தோட்டப் பெண்களுக்கு இரத்தசோகை அதிகம், முதுகுவலி அதிகம். ஒரு நாள் முகாமில் பத்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்? பதினோராவது நாள் யாரிடம் கேட்பாள்? ஒருவருக்கு பிபி 180 என்று பார்த்துச் சொல்லிவிட்டு மறுநாள் நீங்கள் விமானம் ஏறினால் அவர் பயத்தோடு தனியாக இருப்பார். முகாமை எடுத்துவிடுங்கள் தம்பி, தயவுசெய்து.

ஆடிட்டர்_சூரமங்கலம்:
சுருக்கமாக. ஏலத்தில் வந்தது சபை அறக்கட்டளைக் கணக்கில் இருக்கிறதா? இருந்தால் கவனம். வரிவிலக்கு உள்ள அறக்கட்டளையின் பணம் இந்தியாவுக்கு வெளியே நடக்கும் பணிக்குச் செலவானால், சிபிடிடியின் (மத்திய நேரடி வரிகள் வாரியம்) தனி அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு விலக்கு கிடைக்காது. போகிறவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் போகட்டும், தனிநபராக அன்பளிப்பு அனுப்ப வங்கி வழியே முறை இருக்கிறது. ஏலப் பணத்தை உள்ளூர்ப் பணிக்கே வைத்துக்கொண்டால் அந்தப் பெரியவரின் பூசணிக்காய்க்கும் நியாயம் கிடைக்கும். இன்னொன்று, சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்தக் கூடாது, சம்பளம் இல்லாவிட்டாலும். அங்குள்ள சபை மூலம் குடிவரவுத் திணைக்களத்தில் கேட்டு, அதற்கு உரிய விசா வாங்குங்கள்.

மிளகுக்கொடி:
நான் உங்கள் மதம் இல்லை, ஏற்காட்டில் கடை வைத்திருக்கிறேன். ஒளிக்காமல் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். துணியும் பாடமும் கொடுத்துவிட்டு மதம் மாறச் சொல்வீர்களா? மலையகத்தில் பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா என்ன நினைப்பார்கள்?

அஸ்தம்பட்டி:
மிளகுக்கொடி அண்ணா, கேட்டதற்கு நன்றி, கேட்க வேண்டிய கேள்வி. நாங்கள் சபை. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபையின் சின்னக் கோவிலில் அவர்களோடு உட்கார்ந்து பாடுவோம், ஜெபிப்போம், அதை மறைக்க மாட்டோம். ஆனால் கணக்குப் பாடத்துக்கு வருகிற பிள்ளை அதற்காக ஜெபத்தில் உட்கார வேண்டியதில்லை, கையேடும் கொடுக்க மாட்டோம். துணிப்பையோடு துண்டுப்பிரசுரம் வைப்பது தவறு என்று நானே கமிட்டியில் பேசப் போகிறேன். சாமியைக் காட்டி ஒரு பிள்ளையின் பசியோடு பேரம் பேசினால் நான் நம்புகிற ஆண்டவரே என்னை மன்னிக்க மாட்டார்.

எல்லோர் எழுதியதையும் அச்சடித்துக் கமிட்டிக்குக் கொண்டு போகிறேன்.

கணக்கு_டீச்சர்:
பாடம் என்று முடிவானால் ஒரு எச்சரிக்கை. தமிழ்தானே என்று போய் நிற்காதீர்கள். என் தோழி ஒருத்தி கனடாவில் இலங்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், அவள் மூலம் எனக்குத் தெரியும். நாம் இயற்கணிதம் என்பது அவர்களுக்கு அட்சரகணிதம். நம் கணம் அங்கே தொடை. நம் அணி அங்கே தாயம். முக்கோணவியல் என்றால் விழிப்பார்கள், திரிகோணகணிதம் என்றால் புரியும். வேதியியல் இரசாயனவியல், இயற்பியல் பௌதிகவியல், ஆக்சிஜன் ஒட்சிசன். கார்பன் டை ஆக்சைடைக் காபனீரொட்சைட்டு என்று எழுதுவார்கள், அழகான சொல். தேர்வு பரீட்சை, தேர்ச்சி சித்தி. நம் சொல்லைத் திணித்தால் பிள்ளை பரீட்சை மண்டபத்தில் குழம்பும். நாம்தான் அவர்கள் சொல்லைப் படித்துக்கொண்டு போக வேண்டும், அதற்கே ஒரு மாதம் பிடிக்கும்.

தரம் 11இல் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைதான் அங்கே வாசல்படி. பொதுவாகக் கணிதமும் தாய்மொழியும் உட்பட ஆறு பாடத்தில் சித்தி இருந்தால்தான் உயர்தரம் (நம் பிளஸ் டூ போல) போக முடியும். கணக்கு ஒன்றில் தவறினால் பல பிள்ளைகள் கொழும்பில் துணிக்கடைக்கோ வீட்டு வேலைக்கோ போய்விடுகிறார்கள். கடந்தகால வினாத்தாள்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. நான் பத்து ஆண்டுத் தாளை எடுத்துத் தலைப்பு வாரியாகப் பிரித்துத் தருகிறேன். யார் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அது பயன்படும்.

ஏற்காட்டுக்காரி:
டீச்சர், அந்த வேலையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மலை இறங்கி வருகிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதே வினாக்களில் பாதி ஆகும்.

அஸ்தம்பட்டி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன், அங்குள்ள போதகருக்கு நானே போன் போட்டேன். எங்கள் திட்டத்தை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பாலர் பள்ளிக்குப் போன வருஷம்தான் இன்னொரு குழு வந்து பெயிண்ட் அடித்ததாம். "நல்லாத்தான் இருக்கு, நீங்க ஆசைப்பட்டா இன்னொரு தரம் அடிக்கலாம்" என்றார். அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் மனம் நோகக் கூடாது என்று அவர் பேசுகிறார், ஏற்காட்டுக்காரி அக்காவின் பாட்டி கண்ணாடியைக் கழற்றாமல் இருந்தது போல.

உங்களுக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள் ஐயா, நாங்கள் வராமல் இருந்தாலும் பரவாயில்லை என்று இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்ட பிறகுதான் சொன்னார். உயர்தரம் முடித்த ஒரு பெண் அந்தத் தோட்டத்திலேயே மாலையில் 30 பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக்கொடுக்கிறாளாம். வினாத்தாள் நகல் எடுக்க ஹட்டனுக்குப் பஸ்ஸில் போக வேண்டும், காசும் நேரமும் அவளுடையது. ஒரு போட்டோகாப்பி மெஷின் வேண்டும். அவளுக்கு மாதம் ஏதாவது கொடுத்தால் கொழும்புக்கு வேலைக்குப் போகாமல் அங்கேயே இருப்பாள். வருவதானால் பள்ளி விடுமுறையில் வாருங்கள், கணக்குத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர், குறைந்தது இரண்டு வாரம். "எட்டு நாள்ல பிள்ளைகளோட பேரே மனசுல நிக்காது" என்றார்.

கமிட்டியில் நான்கு மணி நேரம் பேசினோம். பத்துப் பேருக்கு வருத்தம்தான், பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார்கள், ஒரு தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள். இப்போதைக்கு முடிவு இது. நான்கு பேர் போகிறார்கள், இரண்டு வாரம், சொந்தச் செலவில், விசாவுக்கு அங்குள்ள சபையே எழுதிக் கேட்கிறது. மெஷினும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷ உதவித்தொகையும் போகாத பத்துப் பேரின் பங்கில் இருந்து, வங்கி வழியாக. ஏலப் பணம் ஏற்காட்டுக்கு. அந்தப் பெரியவரிடம் சொன்னேன், அந்த மலைக்கு நானும் வருகிறேன் என்றார். நான் போகவில்லை, எனக்குக் கணக்கு வராது. சனிக்கிழமை நகல் எடுத்து அடுக்கும் வேலை என்னுடையது.

கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர் இன்னும் குறைகிறது. இரண்டு வாரம் விடுப்பு எடுக்க முடிகிறவர் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
மெஷினுக்கு என் பங்கு 10 ஆயிரம். டோனர் செலவையும் சேர்த்துப் போடுங்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

கொழுந்து:
போகிற நான்கு பேரில் யாராவது பெரியம்மாவுக்கு இரண்டு கிலோ ஜவ்வரிசி கொண்டு போக முடியுமா? சேலத்து ஜவ்வரிசி. அங்கே சவ்வரிசி என்பார்கள். தோட்டத்தின் பெயரையும் லயத்தையும் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், போதகரிடம் கேட்டால் காட்டுவார்.